விண்டோஸ் 10 அவகாசம் முடிவதற்குள் ஒரு சிறு அலுவலகத்தின் ஐந்து கணினிகளை 11-க்கு மாற்றுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: ஒரு சிறிய வரி ஆலோசனை அலுவலகம். ஐந்து கணினிகள், ஐந்திலும் விண்டோஸ் 10. இரண்டு மேசைக் கணினிகளில் இன்டெல் ஐ5-8400, ஒன்றில் ரைசன் 3 2200ஜி, ஒரு மடிக்கணினியில் பத்தாம் தலைமுறை ஐ3. டாலி கணக்கு மென்பொருளின் தரவு மொத்தமும் இருக்கும் ஐந்தாவது பெட்டியில் ஐ3-4160, அதிலும் 32 பிட் விண்டோஸ். 2025 அக்டோபரில் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்துவிட்டார்கள். இனி எதை, எப்போது, எந்த வரிசையில் மாற்றுவது? தரவு போகாமல் செய்ய முடியுமா?

முடியும். விண்டோஸ் 11 நிறுவுவது ஒரு கணினிக்கு ஒன்றரை மணி நேர வேலை. சிக்கல் வருவது அதற்கு முந்தைய தயாரிப்பிலும், மறுநாள் காலையில் நெட்வொர்க் ஃபோல்டர் திறக்காதபோதும்தான். அதனால் அந்த இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தேதி. விண்டோஸ் 10-இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நீங்கள் பதிவு செய்திருக்கும் கூடுதல் அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை. அது மாதத்தின் இரண்டாம் செவ்வாய், வழக்கமாக அப்டேட் வரும் நாள். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. அதாவது கெடு விழுவது உங்கள் அலுவலகத்தில் தலைநிமிர நேரமில்லாத வாரத்தில். ஆகவே அக்டோபரை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் 21-க்குப் பிறகு வரும் வாரத்தை எடுத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே கணினி என்று மாற்றி, செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

இன்னோர் ஆண்டு தள்ளிப்போடலாமா என்று கேட்கத் தோன்றும். நீங்கள் எடுத்திருப்பது வீட்டுப் பயனருக்கான திட்டம்; மைக்ரோசாஃப்ட் கணக்குடன் செட்டிங்ஸை ஒத்திசைத்தால் இலவசம், இல்லையென்றால் ஒரு முறை 30 டாலர். நிறுவன டொமைனில் இணைந்த கணினிகளுக்கு அது கிடையாது. நிறுவனங்களுக்கான திட்டம் தனி: முதலாண்டு கணினிக்கு 61 டாலர், ஒவ்வோராண்டும் இரட்டிப்பாகும், 2028 அக்டோபர் வரை. இரண்டாம் ஆண்டில் உள்ளே நுழைந்தாலும் முதலாண்டுக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். கணினிக்கு 183 டாலர் ஆகிறது. அந்தப் பணத்தை ஐ3-4160-க்குச் செலவழிப்பதில் அர்த்தமே இல்லை.

கெடு முடிந்த மறுநாள் கணினி நிற்காது, வழக்கம்போல ஓடும். டிஃபெண்டரின் வைரஸ் பட்டியலும் 2028 அக்டோபர் வரை புதுப்பிக்கப்படும். பலர் ஏமாறுவது இங்கேதான். வைரஸ் பட்டியல் தெரிந்த திருடனின் புகைப்படம் மாதிரி. இயங்குதளத்திலேயே ஓட்டை இருந்தால் அதை அடைப்பது மாதாந்திர அப்டேட்தான், நிற்கப்போவது அதுதான். இன்னொன்று, ஆஃபீஸ் 2016, 2019 இரண்டின் ஆதரவும் அதே 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸை மாற்றிவிட்டு, மின்னஞ்சலில் வரும் எக்செல் கோப்பை ஆஃபீஸ் 2016-இல் திறந்துகொண்டிருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

இப்போது எந்தக் கணினி தேறும் என்று பார்ப்போம். இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இரண்டு 8400-உம் மடிக்கணினியும் தேறும். ஏஎம்டியின் ரைசன் 2200ஜி-யில் பொறி இருக்கிறது. '2000 வரிசை முதல் ஆதரவு உண்டு' என்று படித்துவிட்டு இதுவும் தேறும் என நினைப்பார்கள். பெயரில் 2200 இருந்தாலும் உள்ளே இருப்பது முதல் தலைமுறை ஸென் வடிவமைப்பு. ஆதரவுப் பட்டியலில் இல்லை. ஆனால் பெட்டியையே தூக்கிப்போட வேண்டாம். அதே ஏஎம்4 சாக்கெட் மதர்போர்டில் 3200ஜி சிப்பை மாட்டினால் பட்டியலுக்குள் வந்துவிடும். வரிசை முக்கியம்: பழைய சிப் இருக்கும்போதே பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்து, அதன்பின் புதிய சிப்பைப் போட வேண்டும். தலைகீழாகச் செய்தால் திரையில் ஒன்றும் வராது. பழைய சிப்பைத் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும்.

4160-க்கு வழியில்லை. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்தோ, ரூஃபஸ் என்ற நிரல் கொண்டு தயாரித்த பென் டிரைவிலோ சோதனையைத் தாண்டி நிறுவலாம் என்று காணொளிகள் சொல்லும். நிறுவலாம், உண்மைதான். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்கு ஆண்டுக்கொருமுறை வரும் புதிய பதிப்பு தானாக வராது; ஒவ்வொரு முறையும் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி மறுபடி இதே வித்தை. ஹோம், புரோ பதிப்புகளில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஆயுள் 24 மாதம்தான்: 24எச்2 (2024-இன் வெளியீடு) முடிவது 2026 அக்டோபர் 13, 25எச்2 (2025-இன் வெளியீடு) முடிவது 2027 அக்டோபர் 12. கல்லூரி மாணவர் தன் சொந்தக் கணினியில் செய்து பார்க்கட்டும். வாடிக்கையாளரின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினியில் வேண்டாம்.

தேறும் கணினியிலும் மைக்ரோசாஃப்ட்டின் தகுதிச் சோதனைக் கருவி 'இல்லை' என்று சொல்லக்கூடும். பெரும்பாலும் காரணம் இரண்டு.

ஒன்று, டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்புப் பகுதி) அணைக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் 'டிபிஎம்.எம்எஸ்சி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் நிலை தெரியும். எட்டாம் தலைமுறை இன்டெல்லில் டிபிஎம் சிப்பினுள்ளேயே உண்டு. கடையில் அசெம்பிள் செய்த போர்டுகளில் அது ஆஃப் ஆகவே வந்திருக்கும். பயாஸில் இன்டெல் போர்டு என்றால் 'பிடிடி', ஏஎம்டி என்றால் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் தேடி ஆன் செய்யுங்கள். தனியாக டிபிஎம் அட்டை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள்.

இரண்டாவதுதான் உண்மையான தலைவலி: வட்டு, பகுதிகளைக் குறித்து வைக்கும் பழைய எம்பிஆர் அமைப்பில் இருந்து, கணினி 'லெகசி' என்ற பழைய முறையில் பூட் ஆவது. 'எம்எஸ்இன்ஃபோ32' திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்றிருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். லெகசி என்றிருந்தால் வட்டை ஜிபிடி என்ற புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும். விண்டோஸிலேயே அதற்கு எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, தரவை அழிக்காது. முதலில் 'வேலிடேட்' சொல்லோடு ஓட்ட வேண்டும். அது வெறும் சோதனை. தேறினால் 'கன்வர்ட்'. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செய்வதானால் 'அலோஃபுல்ஓஎஸ்' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் மறுத்துவிடும்.

வேலிடேட் தோற்றால் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். நம்மூர்க் கடைகளில் ஒரே வட்டை சி, டி, இ, எஃப் என்று பிரித்துக் கொடுக்கும் வழக்கம். சி முதன்மைப் பகுதியாகவும், மற்றவை விரிவாக்கப் பகுதிக்குள் லாஜிக்கல் டிரைவ்களாகவும் இருக்கும். இந்தக் கருவி லாஜிக்கல் பகுதியை ஏற்காது. முதன்மைப் பகுதிகளும் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. தீர்வு: டி, இ, எஃப்-இல் உள்ளதை வெளி வட்டுக்கு நகலெடுத்து, சரிபார்த்து, அந்தப் பகுதிகளை டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் நீக்கி, மாற்றத்தை முடித்து, பிறகு மறுபடி பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது அதே எழுத்துகளையே கொடுங்கள். டாலி தன் தரவை 'டி டிரைவில் இன்ன ஃபோல்டர்' என்றே தேடும்.

இன்னொரு நூதனமான தோல்வி உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த கணினியில் பின்னாளில் எஸ்எஸ்டி சேர்த்து விண்டோஸ் போட்டிருப்பார்கள். விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கும், பூட் செய்யும் சிறிய 'சிஸ்டம் ரிசர்வ்டு' பகுதி பழைய ஹார்ட் டிஸ்கிலேயே தங்கியிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'சிஸ்டம்' என்ற சொல் எந்த வட்டின் மேல் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சி டிரைவ் இருக்கும் வட்டில் இல்லையென்றால் இந்தக் கருவியோடு மல்லுக்கட்டாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவுவதே குறுக்குவழி.

மாற்றம் முடிந்ததும், கணினி மறுபடி தொடங்கும்போதே நேராகப் பயாஸுக்குள் போய் சிஎஸ்எம்-ஐ (லெகசி முறைக்கான வசதியை) அணைத்து யூஇஎஃப்ஐ முறைக்கு மாற்ற வேண்டும். மறந்தால் 'பூட் டிவைஸ் இல்லை' என்று வரும். வட்டு போய்விட்டதே என்று பதறாதீர்கள், பயாஸில் அந்த ஒரு வரியை மாற்றினால் எழும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இதற்கு முன்பே ஒன்று கவனியுங்கள். ஜிடி 210 காலத்துக் கார்டுகள் பலவற்றில் யூஇஎஃப்ஐ ஆதரவு கிடையாது. சிஎஸ்எம்-ஐ அணைத்த நொடி திரை கறுப்பாகிவிடும். 8400-இல் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதால், கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரை மதர்போர்டில் செருகினால் போதும்.

பயாஸைத் தொடுவதற்கு முன் பிட்லாக்கர், அதாவது வட்டில் உள்ளதைச் சாவி போட்டுப் பூட்டும் விண்டோஸ் வசதி. மடிக்கணினியில் அதன் எளிய வடிவமான டிவைஸ் என்க்ரிப்ஷன் உங்களுக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கலாம். அந்த நிலையில் பயாஸ் அப்டேட் செய்தாலோ டிபிஎம் மாற்றினாலோ 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு நாலு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போன ஊழியருடையது என்றால் தரவு போனதுதான். முன்கூட்டியே சாவியைத் தேடித் தாளில் எழுதி வைத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் பயாஸுக்குள் நுழைய வேண்டும். ரைசனில் சிப் மாற்றும்போதும் இதே விதி.

பேக்கப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. டாலியின் உள்ளிருந்தே எடுக்கும் பேக்கப் ஒன்று, தரவு ஃபோல்டரின் நேரடி நகல் ஒன்று, சி டிரைவின் முழு இமேஜ் ஒன்று. 1 டிபி வெளி வட்டு ஐந்து கணினிக்கும் போதும். எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து, ஒரு நிறுவனத்தின் கடைசி வவுச்சர் வரை தெரிகிறதா என்று பார்க்காதவரை அதைப் பேக்கப் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

இனி நிறுவல். சி டிரைவில் 30 ஜிபியாவது காலி வேண்டும். ரேம் 4 ஜிபி என்பது காகிதத்தில் உள்ள குறைந்த அளவு. 8 இல்லாமல் அலுவலக வேலைக்கு உதவாது. இன்னும் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் ஓடும் கணினி இருந்தால், முதலில் எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டு அப்புறம் 11-க்குப் போங்கள். வெளி நிறுவன ஆன்டிவைரஸை நீக்குங்கள். முடக்கினால் மட்டும் போதாது. பிரிண்டர், பென் டிரைவ், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ இறக்கி, இருமுறை சொடுக்கி, உள்ளே இருக்கும் செட்டப்பை விண்டோஸ் 10-க்குள்ளிருந்தே ஓட்டுங்கள். பென் டிரைவில் பூட் செய்து போனால் செயலிகளைக் காப்பாற்ற முடியாது.

'கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்' என்ற தேர்வு மங்கலாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள், 'அடுத்து' அழுத்தாதீர்கள். பெரும்பாலும் மொழிப் பொருத்தமின்மைதான் காரணம். இங்கே விற்கும் கணினிகளில் சில 'இங்கிலீஷ் இன்டர்நேஷனல்', சில 'இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ்'. இயங்குதளத்தின் அடிப்படை மொழி எதுவோ அதே ஐஎஸ்ஓ வேண்டும். இரண்டும் ஆங்கிலம்தானே என்று செட்டப் விட்டுக்கொடுக்காது.

பாதியில் நின்று பழையபடி விண்டோஸ் 10-க்குத் திரும்பிவிட்டால் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணில் 1900101 என்று வந்தால் டிரைவர் சிக்கல். சிப்செட், வட்டு, வைஃபை டிரைவர்களைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதுப்பித்து மறுபடி முயலுங்கள். 1900208 என்றால் ஒத்துவராத செயலி. பழைய ஆன்டிவைரஸின் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியைப் புதுப்பிக்க முடியவில்லை' என்றால் 100 எம்பி பூட் பகுதி நிரம்பிவிட்டது. அதற்குள் பூட் எழுத்துருக்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் காலி செய்தால் பெரும்பாலும் போதும்.

இப்போது மறுநாள் காலை. முதல் கணினி அழகாக விண்டோஸ் 11 புரோவுக்கு வந்துவிட்டது, ஆனால் டாலி தரவு இருக்கும் நெட்வொர்க் ஃபோல்டர் திறக்கவில்லை. 'நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அடையாளமற்ற விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது' என்ற மாதிரி ஒரு செய்தி வரும். நிறுவனமும் கிடையாது, கொள்கையும் கிடையாது என்று நீங்கள் முழிப்பீர்கள். நடப்பது இதுதான்: சின்ன அலுவலகங்களில் பெரும்பாலும் கடவுச்சொல் இல்லாத ஷேரிங் போட்டிருப்பார்கள், அதாவது யார் வந்தாலும் 'கெஸ்ட்' என்று உள்ளே விடுவது. 24எச்2 முதல் புரோ பதிப்பில் கோப்புப் பகிர்வின் ஒவ்வொரு பொட்டலமும் கையொப்பமிடப்பட வேண்டும் என்பது இயல்பு அமைப்பு. கையொப்பத்துக்கான சாவி கடவுச்சொல்லிலிருந்து உருவாவது. கெஸ்டுக்குக் கடவுச்சொல்லே இல்லை. ஆகவே இணைப்பு மறுக்கப்படும். பழைய நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டி, ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போடும் ஜெராக்ஸ் இயந்திரம் இவையும் இதில் மாட்டும்.

விண்டோஸின் குரூப் பாலிசி அமைப்பில் இரண்டு இடத்தில் தளர்த்தினால் பழையபடி ஓடும், பலரும் அதைத்தான் சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள். தரவு இருக்கும் கணினியில் 'கணக்கு' மாதிரி ஏதோ ஒரு பெயரில் லோக்கல் பயனர் ஒருவரை உருவாக்கி, கடவுச்சொல் வைத்து, அந்த ஃபோல்டருக்கு எழுதும் உரிமை கொடுங்கள். ஃபோல்டரின் ஷேரிங் டேபிலும் செக்யூரிட்டி டேபிலும் இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கொடுத்தால் படிக்க முடியும், சேமிக்க முடியாது. மற்ற கணினிகளில், கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் இந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு கேட்காது. விண்டோஸ் 10 கணினிகளுக்கும் இது ஒத்துப்போகும் என்பதால், மேம்படுத்தத் தொடங்கும் முன்பே செய்துவிடலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மொத்த வேலையிலும் இதைத்தான் முதலில் செய்வேன்.

தமிழ் எழுத்துருக்கள். இருக்கும் விண்டோஸின் மேலேயே மேம்படுத்தினால் எல்லாம் கூடவே வரும். புதிதாக நிறுவும் கணினியில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸை மட்டும் நகலெடுத்தால் போதாது. நிர்வாகி உரிமை இல்லாமல் நிறுவிய எழுத்துருக்கள் ஒவ்வொரு பயனரின் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்று போகும் பாதையில் தனி ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும், அதையும் எடுங்கள். யூனிகோடில் லதா எழுத்துருவில் அடித்த கோப்புகள் படிக்க முடியும், ஆனால் பக்க அமைப்பு நகர்ந்திருக்கும். லதா இப்போது கூடவே வருவதில்லை; செட்டிங்ஸில் விருப்ப அம்சங்களுக்குள் 'தமிழ் துணை எழுத்துருக்கள்' என்பதைச் சேர்த்தால் வந்துவிடும்.

மிச்சச் சில்லறைகள்: புதிதாக நிறுவும் கணினியில் டாலி உரிமம் இருந்தால், அழிப்பதற்கு முன் டாலிக்குள்ளேயே உரிமத்தை 'சரண்டர்' செய்துவிட்டு, பிறகு மீண்டும் ஆக்டிவேட் செய்யுங்கள். கையொப்ப டோக்கனுக்குப் புதிய மென்பொருளை இறக்கி நிறுவுங்கள். சான்றிதழ் டோக்கனுக்குள்தான் இருக்கிறது, கணினி மாறினால் போகாது. ஆனால் பின் எண்ணைத் தவறாகப் பலமுறை போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். புதிய கணினியில் ஊகித்துப் பார்க்காதீர்கள்.

இனி அந்த 4160. தரவை முதலில் ஒரு 8400-க்கு நகர்த்துங்கள்; ஷேர் பெயரையும் டிரைவ் எழுத்தையும் அப்படியே வையுங்கள். 32 பிட் விண்டோஸ் ஏன் போட்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பலமுறை காரணம், டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ சம்பளப் பட்டியல் போன்ற 16 பிட் நிரலாக இருக்கும். அது 64 பிட் விண்டோஸில் ஓடாது, விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் செயலியில் ஓடுகிறதா, பிரிண்ட் ஒழுங்காக வருகிறதா என்று இப்போதே சோதியுங்கள். ஓடவில்லையென்றால் அந்தப் பெட்டியை நெட்வொர்க் கேபிள் இல்லாமல் அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒன்றும் இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் என்ற வேறு இயங்குதளத்தைப் போட்டு, வலைத்தளம் பார்க்கவும் மின்னஞ்சலுக்கும் இன்னும் சில ஆண்டு ஓட்டலாம்.

கடைசியாக, மேம்படுத்திய பிறகு ஏதாவது ஒத்துவரவில்லை என்றால் விண்டோஸ் 10-க்குத் திரும்ப பத்து நாள்தான் அவகாசம். ஒரு ஜிஎஸ்டி சுற்று முழுக்க ஓட்டிப் பார்க்க அது போதாது. மேம்படுத்திய அன்றே, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்ம் என்ற கட்டளைக் கருவியில் ஓஎஸ் அன்இன்ஸ்டால் விண்டோ என்ற அளவை 60 நாளாக மாற்றிவிடுங்கள். அதுதான் உச்ச வரம்பு. அந்தக் காலம் முடியும்வரை இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் 'முந்தைய விண்டோஸ்' என்பதை டிக் செய்து அழித்துவிடாதீர்கள். அழித்தால் திரும்பும் வழியும் அதோடு போய்விடும்.